ஃபெரெட் தும்மினால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம், கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள ஃபெரெட் என்ற சிறு பிராணி ஒன்று வளர்க்கிறோம். எனக்கு ஃபுளூ வந்து மூன்று நாள் ஆகிறது, இப்போது அதுவும் தும்முகிறது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. எங்களுக்கு அதனிடமிருந்து ஏதாவது தொற்றுமா?

பதில்: அனேகமாக நீங்கள்தான் அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள். நம்முடைய ஃபுளூ ஃபெரெட்டுக்கு அப்படியே தொற்றும். 1933-இல் லண்டன் ஆய்வாளர்கள் மனித ஃபுளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே, நோயாளியின் தொண்டை கழுவிய நீரை ஃபெரெட்டின் மூக்கில் விட்டுத்தான். பிறகு நோய்வாய்ப்பட்ட ஃபெரெட் ஒன்று தும்மியதில் ஆய்வாளர் ஒருவருக்கும் காய்ச்சல் வந்தது, ஆகவே திரும்பி வரவும் வாய்ப்புண்டு. உங்களுக்குக் குணமாகும்வரை வேறொருவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சுவதை நிறுத்துங்கள், குழந்தையை அதன் பக்கமே விடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். ஆனால் பாவமாக இருக்கிறதே என்று உங்கள் பாராசிட்டமாலையோ ஐபுப்ரொஃபேனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சாப்பிடாமல் கிடந்தாலோ, கண்ணில் கெட்டியாகப் பீளை கட்டி, தாடையில் தடிப்பு வந்து, பாதம் தடித்தாலோ அது வெறும் ஃபுளூவாக இல்லாமல், டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். டிஸ்டெம்பர் மனிதருக்கு வராது, ஆனால் ஃபெரெட் பிழைப்பது அரிது, தடுப்பூசி ஒன்றுதான் வழி.

உங்கள் வீட்டில் ஃபுளூவைவிட நான் கவலைப்படுவது குழந்தையின் கையைப் பற்றித்தான். ஃபெரெட்டின் மலத்தில் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம், பச்சை இறைச்சி போடுகிற வீட்டில் இன்னும் அதிகம். குழந்தையோ விரலை வாயில் வைக்கும் வயது! மலத்தட்டைப் பெரியவர்கள் மட்டும் சுத்தம் செய்யட்டும், சமையல் தொட்டியில் கழுவ வேண்டாம், அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். படர்தாமரை, சொறி இரண்டும் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும், அதனால் ஃபெரெட்டுக்கு முடி கொட்டினாலோ அது விடாமல் சொறிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ரேபிஸ் அபூர்வம்தான், ஆனாலும் 3 மாத வயதில் முதல் ஊசியும் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் தவறக் கூடாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி டாக்டரைப் பாருங்கள். அமெரிக்காவில் நாய், பூனையைப் போலவே கடித்த ஃபெரெட்டையும் 10 நாள் அடைத்துவைத்துக் கவனிப்பார்கள். கைக்குழந்தைகளை ஃபெரெட் மோசமாகக் கடித்துக் குதறிய சம்பவங்கள் உண்டு, எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் இரண்டையும் ஒரே அறையில் தனியே விடாதீர்கள், இரவில் கூண்டைப் பூட்டிவிடுங்கள்.