ஊர் பேர் கூகுள் மேப்ல இல்லையா? கொள்ளுத்தாத்தா பிறந்த வருஷத்து மேப்பை எடுங்க

கேள்வி: கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் பேர் ஒரு பழைய கல்யாண சர்டிஃபிகேட்ல இருக்கு, கூகுள் மேப்ல போட்டா அப்படி ஒரு ஊரே காட்டல. எங்க தேடுறது?

பதில்: முதல்ல அந்தப் பேரை வாய்விட்டு நாலு விதமா சொல்லிப் பாருங்க, ஏன்னா எழுதுன கிளார்க் காதுல விழுந்ததைத்தான் எழுதியிருப்பார். அடுத்து, ஊர் அங்கயே இருந்தாலும் பேரும் எல்லையும் மாறியிருக்கும். இன்னைக்கு உக்ரைன்ல இருக்குற லிவிவ் 1918 வரைக்கும் ஆஸ்திரியாகிட்ட லெம்பெர்க், அப்புறம் போலந்துகிட்ட லூவுஃப், ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் சோவியத் லிவோவ். ஒரே வீட்ல இருந்த தாத்தாவுக்கும் பேரனுக்கும் பிறந்த நாடு வேற வேறன்னு ரெக்கார்டுல இருக்கும், அதைப் பார்த்துட்டு இது வேற குடும்பம்னு தூக்கிப் போட்டவங்க நிறைய பேர்.

அதனால மேப்புக்கு முன்னாடி அந்தக் காலத்து கெசட்டியரை, அதாவது ஊர்ப் பேர்களை விவரத்தோட அடுக்கின புத்தகத்தைப் பாருங்க. ஜெர்மன் பேரரசுக்கு 1912-ல வந்த மேயர்ஸ் கெசட்டியர்ல குக்கிராமத்தைத் தேடினாக்கூட பிறப்பு, கல்யாணம், இறப்பு பதியுற ஆபீஸ் எந்த ஊர்ல இருந்துச்சுன்னு போட்டிருக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

சில ஊர் நிஜமாவே கிடையாது. வேல்ஸ்ல கேபல் கெலின் கிராமத்தை 1965-ல லிவர்பூல் தண்ணிக்காக அணை கட்டி மூழ்கடிச்சாங்க, இப்போ மேப்ல ஏரிதான் தெரியும்.

பிரிட்டன்னா ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட சைட்ல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசோட நில அளவைத் துறை) மேப்பை இன்னைய சாட்டிலைட் படத்து மேல வச்சு ஸ்லைடரை இழுத்தா வீடு மங்கி வயல் வரும், எனக்கு இன்னும் அலுக்கல. மைலுக்கு 25 இன்ச் ஸ்கேல்ல இருக்குறதை எடுங்க, தனித்தனி வீடு, கிணத்துக்குப் பக்கத்துல 'டபிள்யூ' எழுத்து வரைக்கும் இருக்கும். ஓரத்துல அச்சான வருஷத்தை நம்பாதீங்க, அளந்த வருஷம்தான் கணக்கு, ரெண்டுக்கும் நடுவுல சில வருஷம் இடிக்கும்.

ஊர் கிடைச்சதும் மலையையும் ஆத்தையும் பாருங்க. நேர்கோட்டுல மூணு மைல்ல இருக்குற ஊர் மலைக்கு அந்தப் பக்கம்னா அங்க பொண்ணு எடுத்திருக்க வாய்ப்பு கம்மி, அதே பள்ளத்தாக்குல பத்து மைல் தள்ளி இருந்தாலும் வண்டிப்பாதை இருந்தா போக்குவரத்து இருந்திருக்கும். பாலமோ படகுத்துறையோ எங்க இருக்குன்னு குறிச்சுக்கிட்டு, அதுக்கு எதிர்க்கரைல இருக்குற ஊரோட கல்யாணப் பதிவுல இருந்து ஆரம்பிங்க.