ஜாவாஸ்கிரிப்டில் பதிவுகள் (லாக்) வரும் ஒரே ஸ்ட்ரீமை, அதாவது துண்டு துண்டாக வரும் தரவோட்டத்தை, பிழைகள், எச்சரிக்கைகள் என இரண்டாகப் பிரிக்கும்போது இரண்டாவது பைப்த்ரூ (pipeThrough, ஸ்ட்ரீமை ஒரு ஃபில்டர் வழியாகச் செலுத்தும் அழைப்பு) டைப்எரர் தருகிறதா?

பிரிப்பதற்கு முன் ஸ்ட்ரீமில் டீ() (tee) அழைப்பைப் போடுங்கள். அது இரண்டு கிளைகளைத் திருப்பித் தரும். ஒன்றில் பிழைப் பதிவுகளுக்கான ஃபில்டரையும் மற்றதில் எச்சரிக்கைகளுக்கானதையும் மாட்டுங்கள். ஃபில்டர் என்பது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ட்ரீம்தான் (உள்ளே வரும் துண்டுகளைப் பதப்படுத்தி வெளியே விடுவது): நிபந்தனை பொருந்தினால் என்கியூ (துண்டை அடுத்த பக்கம் அனுப்புவது), பொருந்தாவிட்டால் எதுவும் செய்யாமல் விட்டுவிடலாம்.

நீங்கள் மூல ஸ்ட்ரீமிலேயே இரண்டு தடவை பைப்த்ரூ அழைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் அழைப்பே அதை வேறு எதுவும் வாசிக்க முடியாதபடி பூட்டிவிடும். இரண்டாவது அழைப்புக்கு முந்தைய வரியில் அதன் லாக்டு பண்பை கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். ட்ரூ என்று வந்தால் இதுதான் காரணம்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரு கிளையை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் வாசித்தால், மெதுவான பக்கத்துக்கான துண்டுகள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போகும், அதற்கு வரம்பே கிடையாது. வேண்டாத கிளையைச் சும்மா விடாமல் கேன்சல் செய்யுங்கள். இரண்டையும் கேன்சல் செய்தால்தான் மூலம் நிற்கும்.

அப்புறம், துண்டுகள் ஆப்ஜெக்டுகளாக இருந்தால் இரு கிளைக்கும் போவது அதே ஆப்ஜெக்ட்தான், நகல் அல்ல. ஒரு ஃபில்டரில் அதன் மதிப்பை மாற்றினால் மற்றதிலும் மாறியிருக்கும்.

நாலைந்து வகையாகப் பிரிக்க வேண்டுமென்றால் டீயை அடுக்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஸ்ட்ரீம் உருவாக்கி, மூலத்தை ஒரே ரீடரில் (வாசிப்பான்) வாசித்து, வகைக்கேற்ற ஸ்ட்ரீமின் கன்ட்ரோலருக்கு (அதில் துண்டுகளைச் சேர்க்கும் பகுதி) என்கியூ செய்வதே நல்லது.