20-க்கு 6 யாருக்கு?

கேள்வி: கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். ஒரு பாடத்தில் கட்டுரைகளுக்கு 40, தேர்வுக்கு 40, வகுப்பில் பங்கேற்புக்கு 20 மதிப்பெண். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் பங்கேற்புக்கு 6தான். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்த 1789 ஜூலை 14 அன்று மன்னர் பதினாறாம் லூயி தன் நாட்குறிப்பில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியதைப் பற்றிப் பேச்சு வந்தது. 'மன்னருக்கு நாட்டு நடப்பே தெரியவில்லை' என்றேன். 'மற்ற நாட்களில் என்ன எழுதியிருக்கிறார்?' என்று பேராசிரியர் மடக்கினார். வாயடைத்துப் போனேன். அக்கா வேலையிலிருந்து வந்ததும் வாராவாரம் பாடப்பகுதியைப் படித்து ஒரு பக்கத்தில் சுருக்கித் தருவாள். அதில் அது இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா?

பதில்: கூச்சமா தம்பி? முதலில் வாயைத் திறந்தவனே நீதானே! இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாய்.

அந்த நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. வேட்டை இல்லாத பல நாட்களுக்கு 'ஒன்றுமில்லை'தான். முன்பின் பக்கங்களைப் புரட்டியிருந்தால் அந்தச் சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டிருக்கும். யார் எழுதியது, எதற்காக வைத்திருந்த கணக்கு என்று பார்த்துப் பேசுவதற்குத்தான் அந்த 20 மதிப்பெண். வந்து உட்கார்ந்ததற்கு இல்லை. பேசத் தயங்குகிறவர்கள் கேள்வியை முன்னாலேயே எழுதிக் கொடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்கலாம். ஆனால் எழுதுவதற்கும் படித்திருக்க வேண்டுமே.

படித்தது உன் அக்கா. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, கண் எரிய உன் பாடத்தோடு உட்காருகிறாள். அவளைப் பற்றி நீ எழுதியது 'அதில் அது இல்லை' என்ற குறை மட்டும்தான். எனக்குக் கோபம் வருகிறது. கூடப்பிறந்தவள் தெரியாததைச் சொல்லித் தரலாம், உனக்குப் பதிலாகப் படிக்கக் கூடாது. அவள் பாசத்தில் செய்கிறாள் என்றால், வேண்டாம் என்று சொல்ல வேண்டியது தம்பியின் கடமை. வீட்டில் ஒருத்தியின் உழைப்பை உரிமை போல வாங்கிக்கொண்டு மார்க்கைப் பற்றி மட்டும் கேட்கும் கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கட்டுரைகளிலும் அவள் வரிகள் இருக்கின்றனவா? இருந்தால் நீயே போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிடு.

6ஐ ஏற்றச் சொல்லிக் கேட்காதே. எதற்கு எவ்வளவு போடுகிறார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள். இந்த வாரப் பகுதியை நீயே படி. மெதுவாகத்தான் போகும், போகட்டும். ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்வி குறித்துக்கொண்டு வகுப்புக்குப் போ. அப்புறம், இன்று இரவு அக்கா உன் புத்தகத்தை எடுத்தால், கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு அவளைத் தூங்கச் சொல்.