தாத்தாவின் பழைய இசைத்தட்டு லேபிளில் உள்ள எண்ணை வைத்து அதன் காலத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் லேபிளோடு நின்றுவிடாதீர்கள். மோல்மீன் வீட்டுப் பரணில் நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகளும், ‘ஜி.இ.’ என்று தொடங்கும் கொலம்பியா தட்டுகளும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நானும் யாங்கோனில் இவற்றைத் தேடிச் சேர்க்கிறவன்தான்.

லேபிள் எண் கடைக்காரருக்கானது. எச்.எம்.வி.யில் ‘என்’, ட்வின் என்ற பெயரில் வந்த தட்டுகளில் ‘எஃப்.டி.’, கொலம்பியாவில் ‘ஜி.இ.’ எல்லாம் பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்காக வைத்தவை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்தான் இருக்கும். நன்றாக விற்ற பாட்டைப் பிற்பாடு புது எண் போட்டு மறுபடி வெளியிடுவதும் உண்டு.

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு பதிந்த கடைசிக் கோட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் பொறித்திருக்கும் எண் பக்கத்துக்குப் பக்கம் மாறும். பாட்டை முதலில் பதிந்த மெழுகுத் தட்டின் எண் அது. உலோக அச்சு வழியாக எல்லாப் பிரதிக்கும் வந்துவிடும். லேபிள் சட்டை மாதிரி, மாற்றிக்கொள்ளலாம்; இது மச்சம்.

எச்.எம்.வி. தட்டில் அந்த எண்ணை அடுத்துக் குட்டியாக ஒரு முக்கோணம் தெரிகிறதா? தெரிந்தால் அது மைக்ரோபோன் வைத்துப் பதிந்தது, 1925க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு முன்பெல்லாம் புனலுக்குள் தொண்டை கிழியப் பாடவேண்டும். சதுரம் இருந்தால் 1931 வாக்கில் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனி கொண்டுவந்த சொந்தக் கருவியில் பதிந்தது. கொலம்பியாவில் முக்கோணத்தின் இடத்தில் வட்டத்துக்குள் ‘டபிள்யூ’ இருக்கும். பூதக்கண்ணாடியில் இந்தச் சின்னம் கண்ணில் படும்போது எனக்கு வரும் சந்தோஷம் பாட்டைக் கேட்கும்போதுகூட வருவதில்லை.

நாய்க்குப் பதிலாக இறகுப் பேனாவோடு தேவதை உட்கார்ந்திருந்தால் அந்தத் தட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், அது இன்னும் பழசு. லேபிளில் ‘ஹனோவர்’ என்று இருந்தால் அது ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சானது, அநேகமாக 1908இல் கல்கத்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வருவதற்கு முந்தியது. அந்தக் காலத் தட்டுகளில் சிலவற்றைக் கடைசிவரை ஓடவிடுங்கள். பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்லுவார், ஜெர்மனியில் லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு அடையாளம் தெரியவேண்டுமே! 1902இல் கல்கத்தாவில் பதிந்த பாடகி கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் பெயர் சொல்லி முடிப்பது ரொம்பப் பிரபலம்.

பெட்டியின் அடியில் ஓடியன் என்ற பெயர் போட்ட தட்டும் கிடக்கலாம். 1930களில் ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் அவற்றைக் கொண்டுவந்தது.

நம் ஊர் மழைக்குப் பூஞ்சணம் பூத்திருக்கும். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். தட்டில் இருப்பது அரக்கு, நம் ஷான் மலைகளில் எடுப்பார்களே அதேதான். ஸ்பிரிட் பட்டால் கரைந்து கோடெல்லாம் போய்விடும். லேபிள் நனையாமல், ஒரு சொட்டு சோப்பு கலந்த பச்சைத்தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். காய்ந்ததும் இரண்டு பக்கத்து எண்களையும் பக்கத்தில் உள்ள சின்னத்தையும் எழுதிப் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.