மரியானோ ரிவேரா: ஒரே பந்தை நம்பிய பிட்சர் (கேள்வி பதில்)

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ரிவேரா 652 ‘சேவ்’ எடுத்தார் என்கிறார்கள். சேவ் என்றால் என்ன?

ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் கைநழுவ விடாமல் காப்பாற்றிக் கொடுப்பதற்கான கணக்கு அது. வழக்கமாக, மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது உள்ளே வந்து, ஒரு இன்னிங்ஸாவது (மூன்று பேர் அவுட்டாகும் வரை; ஒரு ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வீசி ஆட்டத்தை முடித்துவைத்தால் ஒரு சேவ். இதற்கென்றே இருப்பவர்தான் க்ளோஸர். 2011 செப்டம்பரில், அதுவரை சாதனையாக இருந்த டிரெவர் ஹாஃப்மனின் 601-ஐ ரிவேரா தாண்டினார்.

ஆரம்பத்திலிருந்தே க்ளோஸரா?

இல்லை. பனாமாவின் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்தவர். ஷார்ட்ஸ்டாப்பாக (உள்வட்ட ஃபீல்டர்களில் ஒருவர்) ஆடிக்கொண்டிருந்தவரை 1990-இல் யாங்கீஸ் பிட்சராக ஒப்பந்தம் செய்தது. 1992-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அதே ஆண்டு, புதிய அணிகள் ஆட்களை எடுத்துக்கொள்ளும் தேர்வில் யாங்கீஸ் அவரைப் பாதுகாப்புப் பட்டியலில் வைக்கவில்லை. அப்படியும் யாரும் எடுக்கவில்லை. 1995-இல் பெரிய லீக்கில் முதல் ஆட்டம், அதுவும் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வீசுபவர்). 1996-இல் அப்போதைய க்ளோஸர் ஜான் வெட்லாண்டுக்கு முன்னால் வீசும் ஆள். 1997-இல்தான் க்ளோஸர் இடம் கிடைத்தது.

அவர் நம்பிய அந்த ஒரே பந்து, கட்டர், நம்ம லெக் கட்டர்தானே?

திசை மட்டும் அதே: வலதுகை பேட்டரை விட்டு விலகும், இடதுகை பேட்டரை நோக்கி உள்ளே வரும். ஆனால் இங்கே பந்து தரையில் படுவதே இல்லை. திருப்பம் முழுக்கக் காற்றில், அதுவும் கடைசி நேரத்தில். பேட்டர் நேரான ஃபாஸ்ட்பால் என்று முடிவு செய்து மட்டையை வீசிய பிறகு, பந்து சில அங்குலம் நகரும். மட்டையின் கனமான பகுதியில் பட வேண்டியது கைப்பிடி அருகே பட்டு மட்டை உடையும். இதனாலேயே, இரு பக்கமும் ஆடக்கூடிய சிலர், வலதுகை பிட்சரை இடதுகையால் ஆடும் வழக்கத்துக்கு மாறாக, அவரை வலதுகையால் எதிர்கொண்டார்கள்.

1997 ஜூனில் சக பிட்சர் ரமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது இது தானாக வெளிப்பட்டது. முதலில் அந்த நகர்வை நிறுத்தத்தான் பார்த்தார்கள், முடியவில்லை.

பையனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? எப்படிப் பிடிப்பது?

முதலில் நேரான ஃபாஸ்ட்பால் கைக்குப் படியட்டும். பிறகு அதே பிடி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே. இரண்டையும் பந்தின் நடுவிலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தி, விடும்போது நடுவிரலில் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மணிக்கட்டைத் திருகக் கூடாது. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். திருகினால் வேகம் செத்துச் சாதாரண ஸ்லைடர் (வேகம் குறைந்து, அதிகம் வளையும் பந்து) ஆகிவிடும், முழங்கைக்கும் பாரம். நடுவிரல் அழுத்தம் போதாவிட்டால் பந்து நேராகப் போய் அடி வாங்கும். ரிவேராவின் பலமே, கை வரும் விதத்தை வைத்து எந்தப் பந்து என்று பேட்டரால் சொல்ல முடியாததுதான்.

இ.ஆர்.ஏ. 0.70 என்று பார்த்தேன். அச்சுப்பிழையா?

பிழை இல்லை. பிட்சர் பொறுப்பில் போன ரன்களை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் இ.ஆர்.ஏ. பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) 141 இன்னிங்ஸில் அவர் பொறுப்பில் போனது 11 ரன். 99-ஐ 141-ஆல் வகுத்துப் பாருங்கள். வழக்கமான சீசன்களில் 2.21. என்னைக் கேட்டால் 652-ஐவிட இந்த 0.70தான் பெரிய எண்; எதிரே இருந்தவை எல்லாமே பிளேஆஃபுக்குத் தேறிய அணிகள்.

அப்படியானால் 2001 உலகத் தொடரில் தோற்றது எப்படி?

ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 2-1 முன்னிலை. எதிரணி அரிசோனாவின் மார்க் கிரேஸ் சிங்கிள் அடித்து முதல் பேஸுக்கு (ரன் எடுக்க வரிசையாகச் சுற்றி ஓட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) போனார். அடுத்து வந்த பண்ட்டை (மட்டையால் மெதுவாகத் தட்டிவிட்ட பந்து) எடுத்து ரிவேரா இரண்டாம் பேஸுக்கு எறிந்தது தவறிப் போனது; உண்மையான சேதம் அங்கேதான். டோனி வொமாக்கின் டபுளில் (அடித்தவர் இரண்டாம் பேஸ் வரை போகும் அடி) ஆட்டம் சமன். உள்ளே வந்த பந்து இடதுகை பேட்டர் கவுன்செல் மேல் பட, அவருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைத்து, பேஸ்கள் நிறைந்தன. ஒரு ரன் போனாலும் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் உள்வட்ட ஃபீல்டர்களை முன்னால் கொண்டுவந்தார்கள். லூயிஸ் கொன்சாலஸுக்குப் போட்ட கட்டர் சரியான பந்துதான். மட்டையின் கைப்பிடிப் பக்கம் பட்டுத் தொய்வாக எழுந்தது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜெட்டருக்கு அது சுலபக் கேட்ச். முன்னால் நின்றதால் தலைக்கு மேலே போய் விழுந்தது.

அவர் சட்டையில் இருந்த 42-ஆம் எண்?

நவீன பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனுக்காக 1997-இல் எல்லா அணிகளும் ஓய்வு கொடுத்த எண். ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். அவர்களில் கடைசி ஆள் ரிவேரா.

2012-லேயே முடிந்துவிட்டது என்றார்களே?

கேன்சஸ் சிட்டியில் ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் உயரப் பந்தைப் பிடிக்க ஓடி, முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. மறு வருடம் திரும்பி வந்து 44 சேவ் எடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். 2019-இல் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) வாக்கெடுப்பில் 425-க்கு 425. அதுவரை யாருக்கும் கிடைக்காத ஒருமித்த தேர்வு.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

2003 அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றில் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். ஒரு இன்னிங்ஸ் ஆளான அவர் அன்று மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். பந்தைப் பார்க்காதீர்கள், கேட்சர் போசாடாவின் கையுறையைப் பாருங்கள். அது எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதில் ரிவேராவின் துல்லியம் தெரியும்.