டாக்டர், ஸ்கோர் 12 என்றால் அப்பா பிழைப்பாரா?

*அப்பாவுக்கு 72 வயது. சர்க்கரை, இதய நோய் இரண்டும் உண்டு. கோவிட் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆக்சிஜன் 90, மூச்சு நிமிடத்துக்கு 24. ‘ஸ்கோர் 12, கவனமாகப் பார்க்கணும்’ என்றார் டாக்டர். நாங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதானா?*
– வாசகி, சேட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

இல்லை அம்மா. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 2020-ல் பிரிட்டனில் 260 மருத்துவமனைகளின் நோயாளிகளை வைத்து உருவாக்கிய ‘4சி’ ஸ்கோர் இது. வயது, ஆணா பெண்ணா, கூட இருக்கும் நோய்கள், மூச்சின் வேகம், ஆக்சிஜன், நினைவுத் தெளிவு, ரத்தத்தில் யூரியா, உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்று எட்டு விஷயங்களுக்குப் புள்ளி. அதிகபட்சம் 21. அப்பாவின் வயதுக்கு 6, ஆண் என்பதற்கு 1, இரண்டு நோய்களுக்கு 2, மூச்சு இருபதைத் தாண்டியதற்கு 1, ஆக்சிஜன் 92-க்குக் கீழே போனதற்கு 2. யூரியாவும் சிஆர்பியும் ஏறவில்லை, நினைவும் தெளிவு என்பதால் மற்றவற்றுக்குப் பூஜ்யம்.

9 முதல் 14 வரை புள்ளி பெற்றவர்களில் அன்று நூற்றுக்கு 31 பேர் இறந்தார்கள். பெரிய எண்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அது ஒரு கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா அந்த 31-ல் ஒருவரா, மற்ற 69-ல் ஒருவரா என்று அது சொல்லாது. அந்தக் கணக்கின் பெரும்பகுதி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வழக்கத்துக்கு வருவதற்கு முந்தியது. ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கு மரணத்தையும், வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கையும் அந்த மருந்து குறைப்பதாக 2020 ஜூனில் தெரியவந்தது. தடுப்பூசி அதற்கும் பிறகு வந்தது.

பன்னிரண்டில் ஏழு புள்ளி வயதாலும் ஆண் என்பதாலும் வந்தது. அதை யாராலும் மாற்ற முடியாது. சேர்த்த அன்று யாரை எந்த வார்டில் படுக்க வைப்பது, யாரை அடிக்கடி போய்ப் பார்ப்பது என்று முடிவெடுக்கத்தான் ஸ்கோர் எங்களுக்கு உதவுகிறது. அடுத்த நாளிலிருந்து நான் பார்ப்பது வேறு: நேற்று எத்தனை லிட்டர் ஆக்சிஜன் ஓடியது, இன்று எத்தனை? மூச்சு தணிகிறதா, ஏறுகிறதா? வார்டுக்கு போன் செய்யும்போது நீங்களும் இதையே கேளுங்கள்.

*வீட்டு ஆக்சிமீட்டர் 95 காட்டுகிறது, ஆனால் அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எதை நம்புவது?*
– வாசகர், ஃபீனிக்ஸ்

அம்மாவை நம்புங்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலுள்ளவர்களுக்கு இந்தக் கருவி ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நம் நாட்டில் இது எத்தனை பேரைத் தொடும் விஷயம்! ஆஸ்பத்திரிகளில்கூட இதற்குப் போதிய கவனம் இல்லை என்பது என் வருத்தம்.

நகப்பூச்சைத் துடைத்து, கையைச் சூடாக்கி, உட்காரவைத்துப் பாருங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே நாற்பது காலடி நடக்கவைத்து மறுபடி பாருங்கள். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இந்த நடைச் சோதனை வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் கடலோர டர்பனைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே உங்கள் எண் என்ன என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

*டி-டைமர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மச்சானுக்கு 0.8தான் இருந்ததாம். பயமாக இருக்கிறது.*
– வாசகி, டோங்காட்

ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துணுக்கின் அளவுதான் டி-டைமர். இரண்டு லேப்களும் வெவ்வேறு அலகில் எழுதியிருக்கலாம். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படிக்காமல் ஒப்பிடாதீர்கள். டி-டைமர் வயதாலும் கூடும், கர்ப்பத்திலும், ஆபரேஷனுக்குப் பின்னும் கூடும். மிக உயர்ந்திருந்தால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று டாக்டர் தேடுவார். தனியாக அந்த ஒரு எண்ணை வைத்து யாருடைய கதியையும் நான் சொல்ல மாட்டேன்.

*பிசிஆர் ரிப்போர்ட்டில் சிடி மதிப்பு 17. நோய் முற்றும் என்று அர்த்தமா?*
– வாசகர், டர்பன்

இல்லை. வைரஸ் தென்படும்வரை பிசிஆர் கருவி எத்தனை சுற்று ஓடியது என்பதுதான் சிடி; எண் குறைந்தால் மாதிரியில் வைரஸ் அதிகம், அவ்வளவுதான். மாதிரி எடுத்த விதமும் எடுத்த நாளும்கூட அதை மாற்றும்.

*தங்கை எச்ஐவிக்கு மாத்திரை எடுக்கிறாள். கோவிட் வந்தால் அவளுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.*
– பெயர் வேண்டாம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

2020-ல் மேற்கு கேப் மாகாணப் பதிவுகளை அலசியபோது, எச்ஐவி உள்ளவர்களுக்குக் கோவிடால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது. காசநோயும் ஆபத்தைக் கூட்டியது. ஆனால் கட்டுப்பாடில்லாத சர்க்கரையின் பங்கு அதைவிடப் பல மடங்கு பெரிது. எச்ஐவி என்றால் பதறும் குடும்பம், மேசையில் இருக்கும் இன்சுலினை மறந்துவிடுகிறது. நம் இந்திய வீடுகளில் சர்க்கரை எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தங்கை ஒரு நாள்கூட மாத்திரையை விடக்கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த மாத்திரைப் பட்டியலும் அவளோடு போக வேண்டும். சொல்லக் கூச்சம் என்று மறைத்தால் சிகிச்சைதான் கெடும்.

*ஐந்து நாள் நன்றாக இருந்த தாத்தா ஏழாம் நாள் திடீரென்று ஐசியூவுக்குப் போனார். முன்பே தெரிந்திருக்காதா?*
– வாசகர், ஸ்டேங்கர்

இந்த நோயின் நடையே அப்படி. முதல் வாரம் வைரஸின் வேலை. அது தணியும் வேளையில் உடம்பின் எதிர்ப்பே மிஞ்சிப்போய் நுரையீரலைத் தாக்கும். அறிகுறி தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை நாங்கள் கண்ணை எடுப்பதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கும்; சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சு குழறுவது, பகலெல்லாம் தூங்குவது மட்டுமே வெளியே தெரியலாம். டாக்டர் முதலில் கேட்பது ‘காய்ச்சலோ இருமலோ எந்தத் தேதியில் தொடங்கியது?’ என்பதுதான். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.