“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “சரிங்க” தான் வரும்: வேலையிடம், வகுப்பறை, நட்பு – கேள்வி பதில்

ஆலை, ஆஸ்பத்திரி, வகுப்பறை, நண்பர் வட்டம் என்று பல பக்கமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சிக்கல் ஒன்றுதான்: சொல்லியாகிவிட்டது, சொன்னது போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது கேட்டவர் வேலையல்ல, சொன்னவர் வேலை என்பது என் உறுதியான எண்ணம். பதில்களை அதை வைத்தே படியுங்கள்.

நூற்பாலை சூப்பர்வைசர், ராஜபாளையம்: வணக்கம் மேடம். வேலையைச் சொல்லிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அரை மணி கழித்துப் போனால் வேறு மாதிரி நடந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

இல்லை. பத்துப் பேர் நடுவில் “புரியல” என்று சொல்பவர் ஒன்று தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்கிறார், அல்லது நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்கிறார். இரண்டுக்கும் யாரும் துணிய மாட்டார்கள். அதனால் தலை ஆடுகிறது.

ஆமாம், இல்லை என்று முடித்துவிட முடியாத கேள்வியாகக் கேளுங்கள். “மொதல்ல எந்த ஃபிரேம்ல ஆரம்பிக்கப் போறீங்க?” “எதைப் பாத்தா நிறுத்துவீங்க?” பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டால் இன்னும் எளிது: “நான் எதையாவது விட்டுட்டேனான்னு பாக்கணும், நீங்க ஒரு தடவ சொல்லுங்க.”

எந்த வேலையைச் சொன்னாலும் அதில் மூன்று இருக்க வேண்டும்: எங்கே ஆரம்பிப்பது, எவ்வளவு, எப்போது நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடுவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 40-ம் நம்பரிலிருந்து 60-க்கு கவுண்ட் (நூலின் மெல்லிமை அளவு) மாற்றுகிறீர்கள் என்றால், “பழைய கலர் பாபின் ஒண்ணு கண்ணுல பட்டாலும் கூடையை ஓரமா வச்சுட்டு என்னைக் கூப்பிடுங்க” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூல் கலந்தது துணியில் பட்டை விழுந்த பிறகுதான் தெரியும். அதற்குள் சரக்கு உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். மூன்றுக்கு மேல் விஷயம் இருந்தால் வாயால் சொல்லாமல் போர்டில் எழுதுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் என்றால் செய்து காட்டுங்கள். பிறகு அவரை ஒரு தடவை செய்யச் சொல்லி, முதல் காப் (நூல் சுற்றி நிறைந்த குழல்) வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

கிரேன் பழகுநர், தூத்துக்குடி: வாக்கி டாக்கியில் “ஓகே” மட்டும் சொல்லக் கூடாது என்று திட்டுகிறார்கள். ஏன் மேடம்?

“ஓகே” என்றால் கேட்டது என்றும் பொருள், சம்மதம் என்றும் பொருள், செய்யலாம் என்றும் பொருள். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி. ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கியிருந்த கேஎல்எம் விமானத்திலிருந்து, இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. பாதையின் முனையில் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டு “ஓகே” என்றார். சற்று இடைவெளி விட்டு, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்று அவர் தொடர்ந்த அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேசியது. இரண்டு குரலும் மோதி வெறும் இரைச்சலானது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும். இரண்டு விமானங்களும் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு “டேக் ஆஃப்” என்ற சொல்லையே அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை என்று ஆனது. அனுமதி கிடைத்த விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டும்.

ஆக, “ஓகே” வேண்டாம். “ரெண்டு மீட்டர் இறக்கு” என்று வந்தால் “ரெண்டு மீட்டர் இறக்குறேன்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு நெம்புகோலைத் தொடுங்கள்.

தமிழுக்கே உரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. நம் மொழியில் மறுப்பு சொல்லின் வாலில் வருகிறது. “இறக்காதே” என்பதன் கடைசி அறுந்தால் காதில் விழுவது “இறக்கு” மாதிரிதான். பட்டனிலிருந்து விரல் சீக்கிரம் எடுபட்டால் அறுவது அந்த வால்தான். எனவே ரேடியோவில் “-ஆதே” கட்டளையே வேண்டாம். “நிறுத்து”, “பொறு” இரண்டும் போதும். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், பேசி முடித்து ஒரு நொடி கழித்து விடுங்கள். சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஆனால் “நிறுத்து” என்று மட்டும் யார் சொன்னாலும் நிறுத்துங்கள்.

ரசாயன ஆலை ஆபரேட்டர், கடலூர்: ஷிப்ட் மாறும்போது “எல்லாம் நார்மல்” என்று லாக் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். வருகிறவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்காதீர்கள், அதை பேனலே காட்டும். எது நிற்கிறது, ஏன் நிற்கிறது, எது பாதியில் கிடக்கிறது என்று கேளுங்கள். 

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் உயிரைக் குடித்தது இந்தப் பாதி வேலைதான். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடி வைத்திருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்கு வரவில்லை. இரவு மற்ற பம்ப் நின்றதும், இதை ஓட்டலாம் என்று நினைத்து ஓட்டினார்கள். மூடிய இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. பம்புக்கான பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) வேறு, வால்வுக்கான பர்மிட் வேறு; இரண்டும் ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்படவில்லை. 1990-ல் வந்த, நீதிபதி கல்லன் நடத்திய விசாரணையின் அறிக்கை 106 பரிந்துரைகள் சொன்னது.

பத்து நிமிடமாவது இருவரும் சேர்ந்து நிற்கும்படி ஷிப்ட் நேரம் இருக்க வேண்டும். அது இல்லாமல் பஸ்ஸுக்கு ஓடுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிர்வாகம்தான் செய்ய வேண்டும். பேசுவது ஆபீஸில் அல்ல, இயந்திரத்தின் முன்னால். கழற்றிய இடத்தில் தொங்கும் அட்டையை இருவரும் கண்ணால் பாருங்கள். கடைசியில் வருகிறவர் சொல்ல வேண்டும்: “பி பம்ப் மட்டும்தான் ஓட்டலாம், ஏ பம்ப்ல வால்வு கழட்டியிருக்கு, தொடக் கூடாது. சரிதானே?” திருத்தம் இருந்தால் போகிறவர் சொல்லட்டும், பிறகு இருவரும் கையெழுத்து. “நார்மல்” என்ற சொல்லை லாக்கிலிருந்தே எடுத்துவிடலாம். அந்த இடத்தில் அழுத்தம், வெப்பம் என்று எண்ணை எழுதுங்கள்.

செவிலியர், மதுரை: இரவில் டாக்டர் போனில் மருந்து அளவு சொல்கிறார். “சிக்ஸ்டீன்” என்றாரா “சிக்ஸ்டி” என்றாரா என்று சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கப் பயமாக இருக்கிறது அக்கா.

சந்தேகம் வந்தால் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. எப்போதும் எழுதிக்கொண்டே திருப்பிப் படியுங்கள். அது பழக்கமாகிவிட்டால் கேள்வி கேட்பதுபோலவே தெரியாது. “இன்சுலின் பதினாறு யூனிட், ஒண்ணு ஆறு, சரிங்களா சார்?” ஆங்கிலத்தில் குழம்புகிற எண் தமிழில் குழம்பாது, பதினாறும் அறுபதும் எங்கே, சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் எங்கே! ஆனால் தமிழிலும் பொறி உண்டு. பேச்சில் “அம்பது”, “எம்பது” இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. “இருவது”, “அறுவது” அப்படியே. அதனால் ஒவ்வொரு இலக்கமாகவும் சொல்லுங்கள்: ஐந்து சைபர், எட்டு சைபர். எழுதும்போது அரை மில்லியை 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். அதேபோல 5-ஐ 5.0 என்று எழுதாதீர்கள், 50 ஆகிவிடும்.

நீங்கள் டாக்டரைக் கூப்பிடும்போது நான்கு படி: இப்போது என்ன, பின்னணி என்ன, உங்கள் கணிப்பு என்ன, அவர் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. “சார், மூணாவது வார்டு எட்டாம் பெட், பிபி 90/60, நாடி 118. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவங்க, ஒரு மணி நேரம் முன்னாடி 120/80 இருந்தது. உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகப்படுறேன். நீங்க உடனே வந்து பாக்கணும்.” பலரும் பிபியைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள், டாக்டரே புரிந்துகொள்வார் என்று. தூக்கத்தில் எழுந்தவருக்குப் புரியாது. கடைசி வரியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டதாரி ஆசிரியர், பட்டுக்கோட்டை: எட்டாம் வகுப்பு. கேள்வி கேட்டால் அதே நான்கு பிள்ளைகள்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் செல்போனில் பதிவு செய்து பாருங்கள் டீச்சர். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், “தெரியாது” குறைந்தது. அந்த நான்கு பேர் ஒரு நொடிக்குள் பதில் சொல்லக் கூடியவர்கள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு நேரம் தரப்படவில்லை.

மூன்று நொடி நிற்பது கேட்பதற்கு எளிது, வகுப்பில் நிற்கும்போது யுகமாக இருக்கும். நிதானமாக மூச்சை ஒரு முறை இழுத்து விடுங்கள், அந்த நேரம் கணக்காக இருக்கும். பதில் வந்த பிறகும் அதே இடைவெளி விடுங்கள். பிள்ளை தானாகவே “ஏன்னா…” என்று தொடரும். உடனே “வெரி குட்” சொன்னால் அந்த “ஏன்னா” செத்துவிடும். பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், மற்ற 39 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். கேள்வி, இடைவெளி, பிறகு பெயர்.

கூச்சம் மிகுந்த வகுப்பில் கையே வேண்டாம். ஒரு நிமிடம் நோட்டில் எழுதட்டும், பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லட்டும், பிறகு “உன் பக்கத்துல இருக்கவ என்ன சொன்னா?” என்று கேளுங்கள். அடுத்தவர் பதிலைச் சொல்ல யாருக்கும் பயமில்லை. “டவுட் இருக்கா?” என்பது மேலே சொன்ன “புரிஞ்சுதா?”வின் தங்கை, “இந்தக் கணக்குல எந்த வரி குழப்புது?” என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பணியில் புதியவர், சென்னை: சீனியரிடம் சாட்டில் உதவி கேட்டால் பதிலே வருவதில்லை அக்கா.

“ஹாய்” என்று போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள் தம்பி. முதல் செய்தியிலேயே எல்லாம் இருக்கட்டும்: என்ன செய்யப் பார்க்கிறீர்கள், என்ன பிழை வருகிறது (படமாக அல்ல, எழுத்தாக ஒட்டுங்கள், தேட முடியும்), என்னென்ன முயன்றீர்கள், எப்போதுக்குள் வேண்டும். அரை மணி நேரம் சொந்தமாக முட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு நாள் முட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்பதுதான் சீனியருக்குக் கோபம் தரும்.

சிறுதொழில் உரிமையாளர், கோவை: “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமா?” என்றால் “பாக்கலாங்க” என்கிறார்கள். ஆகவே ஆகாது. மீட்டிங்கிலும் எல்லாம் முடிவாகிறது, எதுவும் நடப்பதில்லை.

“பாக்கலாங்க” என்பது பெரும்பாலும் மரியாதையான “முடியாது”. உங்கள் முகத்துக்கு நேரே மறுப்பது உங்களைக் குறைப்பதாகும் என்ற நாகரிகம் அது. பெனலோப் பிரௌனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவுப் பேச்சைப் பற்றி எழுதிய, உலகெங்கும் படிக்கப்படும் ஆய்வு மூன்று மொழிகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஒன்று உங்கள் கோவைப் பக்கத்துக் கிராமத் தமிழ்தான். அந்த நாகரிகத்தை உடைக்க வேண்டியதில்லை, மறுப்பதற்கு ஒரு கௌரவமான வழி வையுங்கள். “ஆயிடுமா?” என்று கேட்காமல் “வெள்ளிக்குள்ள முடிக்கணும்னா எது தடையா இருக்கும்?” என்று கேளுங்கள். லேத் ஆள் லீவு, பிளேட் வரவில்லை என்று தானாக வெளியே வரும்.

மீட்டிங் சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது. “கொட்டேஷன் அனுப்பிடலாம்”, “பார்ட்டிகிட்ட பேசணும்” – யார்? “-லாம்”, “-ணும்” வரும் வினைகளில் ஆள் யாரென்று விகுதி காட்டாது. பத்துப் பேரும் தலையாட்டுவார்கள், பத்துப் பேரும் இன்னொருவர் என்று நினைப்பார்கள். எழுந்து போகும் முன் ஒவ்வொன்றையும் “-றேன்” என்று முடிய வையுங்கள்: “கொட்டேஷன் நான் அனுப்புறேன், புதன் மதியம் மூணு மணிக்கு.” அது செய்யப் போகிறவர் வாயாலேயே வர வேண்டும்.

கல்யாண மண்டப மேலாளர், சேலம்: “அடுத்த வெள்ளி” என்றால் வருகிற வெள்ளியா, அதற்கடுத்ததா?

ஆளுக்கு ஆள் மாறும். தேதியும் கிழமையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும். போனில் “ஏழேகால்”, “ஏழேமுக்கால்” குழப்பமும் உண்டு. “ஏழு பதினஞ்சு”, “ஏழு நாப்பத்தஞ்சு” என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் வேண்டாம், திருச்சி: நெருங்கிய நண்பனுக்கு 20,000 கொடுத்தேன். எட்டு மாதம் ஆகிறது. கேட்டால் நட்பு கெடுமோ என்று பயம் அக்கா.

கேட்காமல் இருப்பதாலும் கெடும் தம்பி. நீங்கள் மனதுக்குள் புழுங்குவீர்கள், அவர் உங்களைப் பார்த்தால் ஒதுங்குவார். நேரிலோ போனிலோ தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்ஆப் வேண்டாம், எழுத்தில் குரலின் கனிவு போய்ச் சேராது. குழுவிலோ அவர் மனைவி எதிரிலோ கூடவே கூடாது.

“டேய், அந்த இருபதாயிரம் பத்திப் பேசணும். எனக்கு ஜூன் மாசம் பொண்ணு ஃபீஸ் இருக்கு. மொத்தமா முடியலன்னா மாசம் நாலாயிரமா குடுத்தாலும் போதும். உனக்கு எது தோதுப்படும்?” தொகை, காரணம், எளிய வழி, கடைசியில் அவர் பதில் சொல்வதற்கான இடம். “ஒண்ணும் அவசரமில்லடா” என்று நடுவில் சேர்த்துவிடாதீர்கள். அதுவரை சொன்ன அத்தனையையும் அது அழித்துவிடும், அவர் நினைவில் தங்குவது அந்த ஒன்றுதான். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அவர் யோசிக்கும் நேரத்தில் நீங்களே சமாதானம் சொல்ல ஆரம்பிக்க வேண்டாம். தேதி சொன்னாரென்றால் “சரி, அஞ்சாம் தேதி நாலாயிரம்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பேச்சை வேறு விஷயத்துக்கு மாற்றி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.